சுவரில் இருக்க வேண்டிய படம் பெட்டகத்தில் கிடக்கலாமா?

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் நகரில் ஓர் ஏலம் நடந்தது. நம் நாட்டு ஓவியர் எம்.எப். உசேன் 1954-ல் வரைந்த "கிராம யாத்திரை" என்ற ஓவியம் அதில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. நவீன இந்திய ஓவியம் எதற்கும் அதற்கு முன் ஏலத்தில் அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

செய்தி வந்த மறுநாள் காலை லோக்கல் ரயிலில் இதே பேச்சு. சயான் ஸ்டேஷனில் ஏறிய நண்பர் ஒருவர், "அண்ணாச்சி, ஒரு படத்துக்கு நூத்திப் பதினெட்டுக் கோடியாம்லா! பிரேமைத் தங்கத்துலயா அடிச்சிருக்கான்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் ரயில்வே குமாஸ்தாவின் புத்தி கணக்கில்தானே போகும்? மாதம் 50 ஆயிரம் சம்பளம் வாங்குகிறவர், ஒரு பைசா கூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 118 கோடி சேர 1,967 ஆண்டுகள் ஆகும். இயேசுநாதரின் சீடர்கள் வாழ்ந்த காலத்திலேயே உண்டியல் வைத்திருந்தால்தான் இன்று அந்தப் படத்தை வாங்க முடியும்!

"அது பணக்காரன் சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" என்று பேச்சு அத்தோடு முடிந்தது. குர்லாவில் கூட்டம் ஏன் அதிகம் என்று அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது.

அப்படி முடித்துவிடலாமா என்பதுதான் என் கேள்வி. அந்தப் படத்துக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. நாம் நினைப்பதைவிட நெருங்கிய சம்பந்தம்.

நம்மைப் போல் வந்தவர்கள்

உசேன் பிறந்தது 1915-ல், பண்டரிபுரத்தில். பிழைப்புத் தேடி அன்றைய பம்பாய்க்கு வந்தார். சாரம் கட்டி ஏறி சினிமா விளம்பரப் பலகைகள் எழுதினார். பிறகு மரச் சாமான் கம்பெனி ஒன்றில் குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு வடிவம் போட்டுக் கொடுத்தார். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் போர்டு எழுதிப் பிழைத்த நம்மவர்கள் எத்தனையோ பேரின் தொழில்தான் அவர் தொழிலும்.

அவருடைய கூட்டாளி கே.எச். ஆரா. செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் பொலாரம் என்ற ஊரில் பிறந்தவர். சிறு பையனாக வீட்டை விட்டு ஓடிவந்து, இந்த நகரத்தில் வீட்டு வேலை செய்தார். கார் துடைத்தார். உப்பு சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்றார். கிடைத்த நேரத்தில் வரைந்தார்.

1947-ல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், சூசா, ரசா, உசேன், ஆரா, பாக்ரே, காடே ஆகிய ஆறு பேரும் சேர்ந்து முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கினார்கள். வெவ்வேறு மதம், வெவ்வேறு மொழி. வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தபடியும் வரைய மாட்டோம், பழைய பாணியை அப்படியே நகல் எடுக்கவும் மாட்டோம் என்றார்கள். இன்று உலக ஏலக் கூடங்களில் கோடிக்கணக்கில் போகும் நவீன இந்திய ஓவியத்தில் பெரும் பங்கு, இந்தக் குழுவையும் அவர்களோடு பழகியவர்களையும் சேர்ந்தது.

அவர்கள் வரைந்தது யாரை? "கிராம யாத்திரை" ஏறத்தாழ 14 அடி நீளம். கிராமத்து ஆணும் பெண்ணும் உழைப்பதும் வாழ்வதும் அதில் தனித்தனிக் காட்சிகளாக வருகின்றன. இவர்களோடு பழகிய தையப் மேத்தா ரிக்ஷா இழுப்பவனை வரைந்தார். வரைந்தவன் உழைப்பாளி, வரையப்பட்டவனும் உழைப்பாளி. பார்ப்பதற்கு மட்டும் உழைப்பாளிக்கு இடமில்லையா?

நாமும் சேகரித்தவர்களே

"கலைப் பொருள் சேகரிப்பது நம் வழக்கமில்லை" என்று சிலர் சொல்லலாம். அது தவறு.

1894-ல் ராஜா ரவிவர்மா பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். பின்னர் அது லோனாவாலாவுக்கு அடுத்த மளவ்லிக்கு மாறியது. புனே லோக்கலில் போகிறவர்கள் இன்றும் அந்த ஸ்டேஷனைக் கடந்துதான் போகிறார்கள். மன்னர் மாளிகைகளில் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் அந்த அச்சகத்தின் வழியாகத்தான் சாதாரண வீடுகளுக்கு வந்தார்கள்.

நம் பக்கத்தில் அதே வேலையைக் கோவில்பட்டி செய்தது. சென்னைக் கலைப் பள்ளியில் படித்த கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் கோவில்பட்டியில் இருந்து தீட்டிய முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி ஊர் ஊராகப் போயின. வருஷம் முடிந்தாலும் தேதியைக் கிழித்துவிட்டு சாமி படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டி வைத்தவர்கள் நம் தாய்மார்கள். நெல்லைச் சீமையில் இருந்து ரயிலேறியவர்களின் டிரங்குப் பெட்டியில் துணிமணிகளோடு அந்தப் படமும் வந்தது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருந்தாலும் ஒரு சுவர் படத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது.

அந்தப் படங்களை யாரும் விற்க வாங்கவில்லை. நாள்தோறும் பார்ப்பதற்காக வாங்கினார்கள். சேகரிப்பு என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

நாம் தினமும் மிதித்துக் கடக்கும் வி.டி. ஸ்டேஷனையே எடுத்துக் கொள்வோம். இன்றைய பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம். 1878-ல் வேலை தொடங்கி பத்தாண்டுகளில் கட்டி முடித்தார்கள். அதன் தூண்களிலும் வளைவுகளிலும் உள்ள இலை, கொடி, பறவை, விலங்கு வேலைப்பாடுகளில் இந்த நகரத்து ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்களின் கைவண்ணம் இருக்கிறது. 2004-ல் ஐ.நா. அமைப்பான யுனெஸ்கோ இக்கட்டடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டிக்கெட் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே மாதிரி பார்க்கலாம். இதற்குப் பூட்டு இல்லை.

முதலில் வாங்கியவர்கள் யார்?

முற்போக்குக் குழுவினரின் படங்களை முதலில் வாங்கி ஆதரித்தவர்களில், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஐரோப்பாவில் இருந்து இங்கே அடைக்கலம் வந்தவர்கள் முக்கியமானவர்கள். லாங்ஹாமர், வான் லேடன், ஷ்லெசிங்கர் என்ற மூவரையும் ஓவிய வரலாறு மறப்பதில்லை. அவர்களும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தான்.

அடுத்து வந்தவை பொது நிறுவனங்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா தாமே படம் வரைபவர். கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைக் கட்டியபோது, நிதியில் நூற்றுக்கு ஒரு பங்கை ஓவியம், சிற்பம் வாங்க ஒதுக்க நேருவிடம் அனுமதி பெற்றார். விஞ்ஞானி நடக்கிற தாழ்வாரத்தில், அதே தாழ்வாரத்தைக் கூட்டுகிறவரும் பார்க்கும்படி, உசேனும் ஆராவும் கெய்தோண்டேயும் சுவரில் ஏறினார்கள்.

ஏர் இந்தியா 1956-ல் பி. பிரபா என்ற பெண் ஓவியரிடம் ஆறு படங்கள் வாங்கியது. ஒன்று 87 ரூபாய் 50 காசு. ஆறுக்கும் சேர்த்து 525 ரூபாய். அப்படித் தொடங்கிய சேகரிப்பு ஆயிரக்கணக்கான பொருள்களாக வளர்ந்தது. 1967-ல் ஸ்பெயின் ஓவியர் டாலி இந்த நிறுவனத்துக்காகச் சாம்பல் கிண்ணம் ஒன்றை வடிவமைத்தார். கூலியாக என்ன வேண்டும் என்றதற்கு ஒரு யானைக் குட்டி கேட்டார். கொடுத்தார்கள்!

"கிராம யாத்திரை"யின் கதையும் இப்படித்தான். 1954-ல் டெல்லிக்கு உலக சுகாதார நிறுவனப் பணியாக வந்த நார்வே மருத்துவர் ஒருவர் அதை வாங்கினார். அவருக்குப் பின் அது ஆஸ்லோ நகர மருத்துவமனைக்குச் சேர்ந்தது. பல்லாண்டுகள் அங்கேயே தொங்கியது. அங்கே வேலை செய்தவர்கள் நம் நாட்டுக் கிராமத்தைப் பார்த்துக் கொண்டு கடந்து போயிருப்பார்கள். விற்ற பணமும் அந்த மருத்துவமனையில் மருத்துவர்களின் பயிற்சிக்கு என்றுதான் அறிவித்தார்கள்.

சென்னையில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பணக்கார ஆதரவாளர் கிடைக்கும் வரை ஓவியர்கள் காத்திருக்கவில்லை. கலைக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1966-ல் கடற்கரையோரம் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். இன்றும் அது இருக்கிறது. கைத்தொழிலால் கலையைக் காப்பாற்றலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

விலை ஏறியது, வரைந்தவருக்கு என்ன?

2000-க்குப் பிறகு காற்று மாறியது. படம் என்பது மனைக்கட்டு, தங்கம், பங்குப் பத்திரம் போல ஆகிவிட்டது.

2002-ல் தையப் மேத்தாவின் "கொண்டாட்டம்" என்ற முப்பகுதி ஓவியம் நியூயார்க் ஏலத்தில் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் போனது. அன்று அது பெரும் சாதனை. பத்திரிகைகள் கொண்டாடின. அப்போது ஓவியருக்கு வயது 77. ஆனால் ஏலப் பணம் போய்ச் சேர்ந்தது படத்தை வைத்திருந்தவருக்கு. வரைந்தவருக்கு அதில் பங்கில்லை. 2009-ல் அவர் காலமானார்.

அம்ரிதா ஷெர்கில் 1941-ல் 28 வயதில் இறந்தார். கன்னியாகுமரி வரை வந்து, தென்னிந்திய மக்களை வரைந்த மாபெரும் ஓவியர். வாழ்ந்த காலத்தில் அவர் படங்களுக்கு வாங்குவோரைத் தேட வேண்டியிருந்தது. அவர் 1937-ல் வரைந்த "கதை சொல்பவர்" 2023-ல் 61 கோடியே 80 லட்சத்துக்கு விற்பனை ஆனது.

விலை ஏறுவது குற்றமல்ல. ஒரு காலத்தில் ஐரோப்பியரின் படங்களுக்குத்தான் மதிப்பு என்றிருந்தது. நம்மவர் படைப்புக்கும் உலகம் விலை வைக்கிறது என்றால் பெருமைதான். வாங்குகிறவர் எல்லோரும் பூட்டி வைக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடாரின் துணைவியார் கிரண் நாடார், 2010-ல் அருங்காட்சியகம் தொடங்கித் தமது சேகரிப்பைப் பொதுமக்கள் பார்க்க வைத்திருக்கிறார். இதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. விலை ஏறட்டும் என்று வாங்கி, பெட்டியில் அடைத்து, குளிரூட்டிய கிடங்கில் போட்டு, ஐந்து வருஷம் கழித்து அடுத்தவருக்கு விற்கும் வழக்கமும் பெருகி வருகிறது. படம் கைமாறுகிறது, கண்ணில் படுவதில்லை.

"காசு கொடுத்தவன் சொத்து. அவன் பூட்டினால் உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் படத்தை மற்ற சொத்தைப் போல் நம் சட்டமே கருதவில்லை. ரவிவர்மா, ஷெர்கில், தாகூர் போன்ற ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தேசியக் கலைச் செல்வங்கள். அவற்றைச் சொந்தமாக வைத்திருப்பவரும் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. பட்டா ஒருவர் பெயரில் இருந்தாலும் உரிமையில் ஒரு பங்கு நாட்டுக்கு உண்டு என்பதுதானே இதன் பொருள்?

வரைந்தவரின் பங்குக்கும் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் 53ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மூல ஓவியம் ஒன்று பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், உரிமையின் முதல் சொந்தக்காரராக இருந்த ஓவியருக்கோ அவருடைய வாரிசுக்கோ அந்த விலையில் ஒரு பங்கு சேர வேண்டும். அந்தப் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இதுதான் அதன் சாரம். பிரான்ஸ் நாட்டில் இப்படிப்பட்ட உரிமை 1920-லேயே வந்துவிட்டது. பிரிட்டனில் 2006-ல் வந்தது.

நம் நாட்டில் சட்டப் புத்தகத்தில் வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் ஏலக் கூடத்தில் அது வழக்கமாகவில்லை. ஓவியர் ஒவ்வொருவரும் கோர்ட்டு வாசலுக்குப் போய்த்தான் பங்கை வாங்க வேண்டும் என்றால், வயதான ஓவியரும் அவர் விதவையும் எங்கே போவார்கள்? தொழிலாளிக்கு வைப்பு நிதியை அவனே வழக்குப் போட்டு வாங்கிக் கொள்ளட்டும் என்று விட்டோமா? சம்பளத்திலேயே பிடித்துக் கட்ட வைத்தோம் அல்லவா? அது போல ஏலத் தொகையிலேயே பிடித்து வாரிசிடம் சேர்க்கும் ஏற்பாடு வர வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா நிறுவனத்துக்குக் கைமாறியது. விமானங்கள் போயின. படங்கள் போகவில்லை. அவை மத்திய அரசின் தேசிய நவீன கலைக்கூடத்தின் பொறுப்புக்கு வந்தன. நல்ல முடிவு. ஆனால் அந்தச் சேகரிப்பு பிறந்து வளர்ந்தது இந்த மும்பையில். அதில் ஒரு நல்ல பகுதியை இங்கே நிரந்தரமாக, எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கியதைப் பொதுமக்களுக்குக் காட்டுவது தானமல்ல, கடமை.

நான் வேலை செய்யும் ரயில்வேயும் ஒன்று செய்யலாம். பெரிய ஸ்டேஷன்களில் எத்தனையோ அடி சுவர் வெறும் விளம்பரத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அதில் ஒரு சிறு பகுதியில் உசேன், ஆரா, ஷெர்கில் படங்களின் நல்ல பிரதிகளை, வரைந்தவர் பெயரும் ஆண்டும் நம் மொழிகளில் எழுதி, முறையாக அனுமதி பெற்று வைக்கலாம். அரசு மருத்துவமனைகளிலும் வைக்கலாம். ஆஸ்லோ மருத்துவமனைச் சுவருக்குக் கிடைத்தது நம் சயான் ஆஸ்பத்திரிச் சுவருக்கும் கிடைக்கட்டுமே!

நாம் செய்ய வேண்டியது

அரசைச் சொன்னால் போதாது. நம்மையும் சொல்லிக் கொள்ள வேண்டும்.

வி.டி.யில் இறங்கி நடந்தால் கால் மணி நேரத்தில் காலா கோடா. அங்கே 1952-ல் திறந்த ஜஹாங்கீர் கலைக்கூடம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. எதிரே பழைய கோவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் 1996 முதல் தேசிய நவீன கலைக்கூடம் இயங்குகிறது. இந்த நகரத்துக்கு வந்து எட்டு ஆண்டுகள் அந்த வழியாக நடந்தும் நான் உள்ளே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. கண்ணாடிக் கதவையும் உள்ளே நின்ற ஆட்களின் உடுப்பையும் பார்த்து என் காலே தயங்கியது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் போர்டு எழுதிக் கொண்டிருந்த நண்பர் ஒருவரை அழைத்துப் போனேன். பிளெக்ஸ் போர்டு வந்த பிறகு அவர் தூரிகையை வைத்துவிட்டு, ஒரு குடோனில் கணக்கெழுதுகிறார். வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

உள்ளே போனதும் அவர் ஆளே மாறிவிட்டார். நான் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அவர் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார். "இந்தக் கோட்டை ஒரே இழுப்புல இழுத்திருக்கான் பாருங்க. நடுவுல கை நிக்கல" என்றார். ஒரு படத்தின் முன் கால் மணி நேரம் நின்றார். அந்தக் கூடத்தில் அன்று அவரைவிட நன்றாகப் படம் பார்க்கத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

வெளியே நடைபாதையில் இளம் ஓவியர்கள் தங்கள் படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அங்கே கோடிப் பேச்சு இல்லை. சில நூறு, சில ஆயிரம் ரூபாய்தான். ஒரு சின்னப் படத்தை நண்பர் கையில் எடுத்தார். மழையில் நனையும் ஒரு தெரு. விலையைக் கேட்டார். பேரம் பேசவில்லை. சொன்ன விலையைக் கொடுத்தார்.

"பேசியிருந்தா நூறு ரூபாய் குறைச்சிருப்பானே?" என்று கேட்டேன்.

"நான் எழுதின போர்டுக்கெல்லாம் பேரம் பேசித்தான் குடுத்தானுவ அண்ணாச்சி. நாமளும் அதையே செய்யணுமா?" என்றார்.

அந்தப் படம் இன்று அவர் வீட்டில் கோவில்பட்டி முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது என்றைக்காவது விலை ஏறுமா என்று எனக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்து, டீ டம்ளரோடு அதன் எதிரே உட்காருகிறார். அவர் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

வாசக நண்பர்களே, அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு காலா கோடா பக்கம் போனால், வெளியே நின்று போட்டோ எடுத்துக் கொண்டு திரும்பிவிடாதீர்கள். கதவைத் தள்ளுங்கள். உள்ளே தொங்குவதை வரைந்தவர்களில் பலர் நம்மைப் போல் ரயிலேறி வந்தவர்கள்.